பதிவேட்டில் இல்லாத அறை

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி திங்கட்கிழமை காலை 10 மணி 42 நிமிடத்துக்கு, ஆவரங்குறிச்சி நகராட்சியின் 4,118 கட்டடங்களும் சொத்துவரிப் பதிவேட்டில் தங்களுக்கு எழுதப்பட்டிருந்த அளவுக்கு வந்து சேர்ந்தன; அந்த நேரத்தில் பன்னிரண்டாம் வார்டு, கதவு எண் 37இல், இரவு ஷிப்ட் முடித்து வந்த விசைத்தறித் தொழிலாளி நாச்சிமுத்து, பதிவேட்டில் இல்லாத ஓர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

சொத்துவரியைக் கணினிக்கு மாற்றும் விழாவில் பொத்தானை அழுத்தியவர் நகராட்சி ஆணையர். முப்பத்திரண்டு வயது. கை சுத்தமானவர் என்று அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இனி வரி கட்ட யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம், பில் கலெக்டர் யார் வீட்டுக்கும் வர மாட்டார், ரசீது போனுக்கே வரும், ரொக்கம் கை மாறாது, கை மாறாத பணத்தில் யாரும் கிள்ளி எடுக்க முடியாது என்று அவர் மேடையில் சொன்னபோது மகளிர் குழுக்காரர்கள் கைதட்டினார்கள். கட்டாயம் வர வேண்டும், ஊதாச் சேலையில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள் என்பதால், நாச்சிமுத்துவின் மனைவி சாந்தாமணியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கணினிக்குள் ஏற்றப்பட்டது பழைய பதிவேடுதான். அதில் ஒவ்வொரு வீட்டின் நீள அகலத்தையும் எழுதியவர் முப்பத்தொரு ஆண்டுகள் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்ற வையாபுரி. அவர் அளவு நாடாவைப் பிடிக்கும் விதத்தை ஊரே அறியும். வீட்டுக்காரர் ஒரு முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்க, வையாபுரி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய விரல்களுக்கிடையில் நாடா இரண்டு மூன்று மடிப்பாகக் கூடியிருக்கும். ஒரு மடிப்புக்கு நூறு ரூபாய், மாடிக்குத் தனி, கடைக்குத் தனி. மடிப்பு வாங்குவது ஆவரங்குறிச்சியில் யாரும் ஒளித்துச் செய்யும் காரியமாக இருந்ததில்லை. புதுமனைப் புகுவிழாவில் சாப்பிட்டு எழுந்தவர்கள் "உங்களுக்கு எத்தனை மடிப்பு போட்டாரு?" என்று கேட்டார்கள், "நாலு" என்றால் பாராட்டினார்கள், "ஒண்ணுதானுங்க" என்றால் பிழைக்கத் தெரியாதவர் என்று பேசிக்கொண்டு கை கழுவப் போனார்கள்.

ஆகவே அன்று காலை சுவர்கள் உள்ளே வரத் தொடங்கியபோது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சுவர்கள் அவசரப்படவும் இல்லை. நிறுத்தத்தில் பின்னுக்கு வரும் பேருந்தைப் போல நின்று நிதானித்து வந்தன, பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டன, விழித்திருந்தவர்கள் கையில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்க நேரம் இருந்தது. ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபம் மாட்டுக்கொட்டகை என்று எழுதப்பட்டிருந்ததால் மாட்டுக்கொட்டகையாகி நின்றது, மணமேடை மட்டும் தீவனத் தொட்டியின் அளவில் மிஞ்சியது. மூன்று மாடி ஜவுளிக்கடை ஒரு மாடியாகி, மேல் மாடிகளின் சேலைகள் கடைத்தெரு முழுவதும் வழிந்து கிடந்தன. அரிசி ஆலை பத்துக்குப் பத்து. வையாபுரியின் சொந்த வீடு காலி மனை என்று அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தபடியால் முழுவதுமாக எழுந்து போய்விட, அவரும் அவர் மனைவியும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் வெயிலில் நின்றார்கள். தறிக்காரர்கள் பகலில் தூங்குகிறவர்கள். அந்த நேரத்தில் பதிவேட்டில் இல்லாத அறைகளில் தூங்கிக்கொண்டிருந்த இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேரை வீட்டில் இருந்தவர்கள் உலுக்கி எழுப்பி வெளியே இழுத்து வந்துவிட்டார்கள். கதவு எண் 37இல் எழுப்புவதற்கு ஆள் இல்லை. ஆள் ஊதாச் சேலை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

சாந்தாமணி வந்து பார்த்தபோது பின்னறையின் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. புதுச் சுவர் அல்ல. பல வருடத்துச் சுண்ணாம்பு உரிந்த, சமையல் புகை ஏறிய, எப்போதும் அங்கேயே இருந்ததைப் போன்ற சுவர். பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அறை நின்ற இடத்தில் சந்து வந்திருந்தது, சந்தில் ஒரு ஆடு நின்றது. அவள் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ஏம்புள்ள, கரண்டு போயிருச்சா? காத்தாடி நின்னுபோச்சு."

"எங்க இருக்கறீங்க?"

"எங்க இருக்கறதா? படுத்துக் கெடக்கறேன். இரு, கதவத் தொறக்கறேன்." தாழ்ப்பாள் விலகும் சத்தம் போனில் கேட்டது. "கதவுக்கு அந்தாண்ட செவுரு இருக்குது" என்றார்.

"இந்தாண்டயும் செவுருதானுங்க" என்றாள் சாந்தாமணி.

அவர் அந்தச் சுவரை மூன்று முறை தட்டினார். போனிலும் கேட்டது, சுவரிலும் கேட்டது.

அந்த அறை 2011இல் கட்டியது. இரவு முழுக்கத் தறியில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வெளிச்சம் படாத ஒரு இடம் வேண்டும் என்று, ஜன்னல் இல்லாமல், மேலே சிமெண்ட் அட்டை போட்டுக் கட்டினார்கள். வையாபுரி அளக்க வந்த அன்று நாச்சிமுத்து, இருப்பதை இருக்கிறபடி எழுதிப் போடச் சொல்லு, நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். சாந்தாமணி நானூறு ரூபாயை மடித்துக் கொடுத்து, பின்னறையை விட்டுவிடச் சொன்னாள். அப்போது மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள், டியூஷன் கட்ட வேண்டியிருந்தது. வையாபுரி பின்னறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லாக் குளுகுளுன்னு இருக்குதே" என்று சொல்லிவிட்டு, நாடாவை உள்ளே கொண்டு போகாமல் திரும்பினார். இதை அவள் கணவனிடம் சொல்லியிருக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று போனில் சொன்னாள். அவர், "செரி, அதுக்கு இப்ப என்ன பண்றது" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரையோடு வந்து சுவரை இடித்தார்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் சந்தும் வெயிலும் ஆடும் இருந்தன. இடிக்க இடிக்க, நாச்சிமுத்து போனில், சத்தம் பக்கத்தில் கேட்கிறது, ஆனால் ஒரு துளி மண்கூட இங்கே விழவில்லை என்றார். ஓட்டையை அடைத்துப் பூசினார்கள். காவல் நிலையத்தில் ஆள் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போனாள். எழுத்தர், காணாமல் போனவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்போது நான் எப்படியம்மா காணவில்லை என்று எழுதுவது என்று கேட்டார், அதில் நியாயம் இருந்தது.

பசி எடுக்கவில்லை என்று நாச்சிமுத்து சொன்னார். முதல் நாள் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் சாந்தாமணி நினைத்தாள், ஆனால் நான்காம் நாளும் அதையே சொன்னார்; தாகம் இல்லை, தாடியும் வளரவில்லை, கணக்கில் வராத இடத்தில் வயிறும் கணக்குக் கேட்பதில்லை போலிருக்கிறது என்றார். குறைந்துகொண்டிருந்தது ஒன்றுதான், போனின் சார்ஜ். பழைய பட்டன் போன், மூன்று கோடு இருந்தது. தினமும் காலை 10 மணி 42க்கு ஒரு நிமிடம் மட்டும் போடுவது, மற்ற நேரம் அணைத்து வைப்பது என்று பேசி முடிவு செய்தார்கள்.

ஊர் இதற்குள் தன் புதிய அளவுக்குப் பழகிக்கொண்டிருந்தது. முதல் வாரம் கட்டில்கள் தெருவில் கிடந்தன, இரண்டாம் வாரம் கட்டில்களை விற்கும் சந்தை கூடியது, மூன்றாம் வாரம் தச்சர்கள் சுவரோடு மடித்து வைக்கும் கட்டில் செய்யக் கற்றிருந்தார்கள். அண்ணன் தம்பி ஒரே அறைக்குள் வந்து சேர்ந்ததில் பத்து வருடப் பேச்சில்லாத பகைகள் சில தீர்ந்தன, சில வெட்டுக்குத்தில் முடிந்தன. கல்யாணங்கள் மாட்டுக்கொட்டகையில் நூறு நூறு பேராகப் பந்தி வைத்து நடந்தன. மடிப்பு வாங்காதவர்கள், அதாவது பிழைக்கத் தெரியாதவர்கள், முன்னைப் போலவே வாழ்ந்தார்கள், அவர்களிடம் எல்லோரும் சாமான்களை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார்கள். யாரும் நகராட்சி மீது கோபப்படவில்லை. கோபப்பட வேண்டுமானால் எந்த அளவு சரி என்று சொல்ல வேண்டும், சொன்னால் பன்னிரண்டு வருட வரி பாக்கி வரும்.

நகராட்சியோ மகிழ்ச்சியில் இருந்தது. பதிவேட்டுக்கும் களத்துக்கும் இடையே ஓர் அடி வித்தியாசம்கூட இல்லாத முதல் நகராட்சி என்று செய்திக்குறிப்பு வந்தது, அது உண்மை. வரி வசூல் நாற்பத்தாறு சதவீதத்தில் இருந்து தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது, ஏனென்றால் கட்டாதவர்களின் வீடு தினமும் விரற்கடை அளவு குறைவதாக ஒரு பேச்சு கிளம்பியிருந்தது, அது பொய் என்று யாரும் மறுக்கவில்லை.

ஊரில் ஒரே ஒரு வீடுதான் வளர்ந்தது. பன்னிரண்டாம் வார்டிலேயே, நான்கு வீடு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை சவரியம்மாளின் வீடு. அவர் மடிப்பு கேட்காதது மட்டுமல்ல, வையாபுரி மீது மனுவும் போட்டிருந்தார்; வையாபுரி அதற்குப் பதிலாக அவருடைய 340 சதுர அடி வீட்டை 5,600 என்று எழுதிவிட்டுப் போனார், ஒன்பது வருடமாக அவர் மேல்முறையீடு செய்துகொண்டிருந்தார். இப்போது அவருக்குப் பத்தொன்பது அறைகள் கூடுதலாக வந்திருந்தன. நீல வண்ணம் பூசிய, காற்றோட்டமான, ஜன்னல் வைத்த, ஒரு நாற்காலிகூட இல்லாத அறைகள். காலையில் சமையலறையைக் கண்டுபிடிக்கவே அவருக்கு நேரம் ஆனது. இடமில்லாத குடும்பங்களை வாடகை இல்லாமல் தங்க வைத்தார்; ஓய்வூதியத்தில் பாதி வரிக்குப் போனது.

சாந்தாமணி இ-சேவை மையத்துக்குப் போனாள். அதை நடத்திய கிருபாகரன், லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

"கூடுதல் கட்டுமானம் சேர்க்கணும், அதானேக்கா? ஓனர் நம்பருக்கு ஓ.டி.பி. போகும். ஓனர் எங்க?"

"உள்ள இருக்கறாருங்க."

"போன்?"

"அவருகிட்டத்தான்."

கிருபாகரன் 10 மணி 42 வரை காத்திருந்தான். குறுஞ்செய்தி போனது, சுவருக்குள் இருந்த நாச்சிமுத்து ஆறு எண்களையும் படித்தார், விண்ணப்பம் ஏறியது. மையத்தில் இருந்தவர்கள் அனைவரும் சாந்தாமணியிடம் நல்லபடியாக முடியும் என்றார்கள். ஐந்தாம் நாள் வருவாய் ஆய்வாளர் வந்து, சேர்க்க வேண்டிய அறையின் உள்ளே நின்று புகைப்படம் எடுக்க வேண்டும் என்றார், உள்ளே போக வழி எது என்று கேட்டார், சுவரைப் பார்த்தார், நாச்சிமுத்து தட்டியதையும் கேட்டார், கேட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். சத்தத்தைப் புகைப்படம் எடுக்க முடியாது. மறுநாள் பதில் வந்தது: கள ஆய்வில் அறை காணப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அவள் ஆணையரைப் பார்த்தாள். அவர் அவளை உட்கார வைத்தார், முழுவதையும் கேட்டார், கணினியில் அவள் வீட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதை நான் கையால திருத்த முடியும். ஒரு நிமிஷ வேலை. அந்த அதிகாரம் எனக்கு இருக்கு."

"திருத்துங்க சார்."

"உங்களுக்குத் திருத்தினா வெளியில இருநூறு பேர் நிக்கறாங்க, எல்லாரும் இதே மாதிரி ஒரு காரணத்தோட நிக்கறாங்க. யாருக்குத் திருத்தறது, யாருக்கு வேண்டாம்னு நான் முடிவு பண்ண ஆரம்பிச்சேன்னா, நான் இன்னொரு வையாபுரி. எனக்கு அப்புறம் வர்றவன் என்னைவிட மோசமா இருப்பான். அதுக்காகத்தான் யார் கையும் படாம இதைச் செஞ்சோம்."

"அவரு உள்ள இருக்கறாருங்க சார்."

"தெரியும்மா. அடுத்த ஏப்ரல்ல மறு அளவீடு. ட்ரோன் வருது. உங்க வீட்டைத்தான் முதல்ல அளக்கச் சொல்றேன், எழுதித் தர்றேன்."

"மேல இருந்து பாத்தா அந்த ரூம் தெரியுங்களா?"

ஆணையர் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். எழுதித் தருவதாகச் சொன்னதை எழுதித் தந்தார்.

போனில் அப்போது ஒரு கோடுதான் இருந்தது.

வையாபுரி தன் காலி மனையில் தார்ப்பாய் கட்டி, குளிர்சாதனப் பெட்டியை மேசையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். எந்த வீட்டில் எத்தனை மடிப்பு என்பது அவர் ஒருவருக்கே நினைவில் இருந்தது என்பதால், மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு அவர் வழி சொன்னார். ஆய்வாளருக்குத் தேவை ஒரு அறையின் புகைப்படம். எந்த அறை என்று கணினிக்குத் தெரியாது. இடத்தைக் காட்டும் எண்களை மாற்றிப் போட கிருபாகரனுக்குத் தெரியும். பதினைந்தாயிரம், அதுவும் ரொக்கம் வேண்டாம், போனிலேயே அனுப்பலாம், பெட்டியின் கதவில் சதுரக் கட்டம் ஒட்டியிருக்கிறது.

"வா சாந்தாமணி. நீ வருவேன்னு தெரியும்."

"அன்னைக்கு நானூறு ரூபா வாங்கிட்டு எங்க ரூமை விட்டுட்டுப் போனீங்க."

"விடச் சொன்னது நீ. நான் எழுதாம விட்டேன், அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரன் எழுதச் சொன்னான்னு அன்னைக்குச் சொல்லியிருந்தீன்னா எழுதியிருப்பேன்." பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்; மின்சாரம் இல்லாததால் அது சூடாக இருந்தது. "இதுல எனக்கு ஆயிரத்து ஐநூறுதான். மிச்சம் மேல போகுது. இவ்வளவுக்கும் நான் ரிட்டயர் ஆனவன்."

மறுநாள் 10 மணி 42க்கு அவள் இதை நாச்சிமுத்துவிடம் சொன்னாள். ஒரு நிமிடத்தில் பாதி அதிலேயே போனது.

"குடுக்காத புள்ள. போன தடவ குடுத்ததுக்குள்ளதான் படுத்துக் கெடக்கறேன்."

"ஏப்ரல் வரைக்கும் சார்ஜ் நிக்குமாங்க?"

"நிக்காட்டிப் போவுது. நான் தட்டறேன், நீ கேளு."

"நான் கேட்டுட்டே இருக்கோணுமா?" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் நிமிடம் முடிந்தது.

காதுத் தோட்டை விற்றதில் ஒன்பதாயிரம் வந்தது, குழுவில் ஆறாயிரம் கடன் எழுதினாள். படம் எடுக்க ஒரு அறை வேண்டுமே; அதைக் கேட்டு அவளே சவரியம்மாளிடம் போனாள். முந்தின நாள் ஆய்வாளர் படம் எடுக்க வந்து கேட்டபோது கதவைச் சாத்தியவர் சவரியம்மாள். சாந்தாமணி சொன்னதை நின்றபடியே கேட்டார்.

"ஒம்பது வருஷமா நான் ஒரு பொய்யை அழிக்கச் சொல்லி மனு எழுதறேன். நீ இன்னொண்ணு எழுத இடம் கேக்கற."

"ஆமாங்க டீச்சர்."

"உனக்கு மட்டும்தானே?"

"எனக்கு மட்டுந்தானுங்க."

சவரியம்மாள் கதவைத் திறந்தார். ஆய்வாளர் உள்ளே போய், வந்தது வந்தோம் என்று, பத்தொன்பது நீல அறைகளையும் பத்தொன்பது விண்ணப்பங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மே 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை பத்தொன்பது விண்ணப்பங்களும் ஒன்றாக ஒப்புதலுக்கு வந்தன. காலை 10 மணி 42க்குக் கிருபாகரன் உரிமையாளர்களின் எண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான். சாந்தாமணி வீட்டில், சுவருக்கு முன்னால் நின்று போன் செய்தாள். பன்னிரண்டாம் வார்டில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள்.

"சொல்லுங்க."

"இரு, வெளிச்சம் கம்மியாத் தெரியுது. மூணு. எட்டு. எட்டு. ஒண்ணு." அவர் நிதானமாகத்தான் படித்தார். "சைபர். ஆறு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"திருப்பிச் சொல்லு."

அவள் திருப்பிச் சொன்னாள். "செரி. கதவ நல்லாத் தொறந்து வையி, வெளிச்சத்துல கண்ணு கூசும், பாத்துத்தான் வரோணும்" என்றார் அவர். அத்தோடு போன் அணைந்தது. வாசலில் நின்றவர்கள் அந்த ஆறு எண்களையும் கிருபாகரனுக்குப் போனில் சொன்னார்கள்.

சுவர் பின்னுக்குப் போனது, கதவு வந்தது. சாந்தாமணி திறந்தாள். உள்ளே நீல வண்ணம் பூசிய, காற்றோட்டமான, ஜன்னல் வைத்த ஒரு அறை இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அறையில் யாரும் இல்லை.

பதிவில் இருந்த படத்தில் எந்த அறை இருந்ததோ அந்த அறை வந்திருந்தது. மற்றப் பதினெட்டு வீடுகளிலும் அப்படித்தான். ஆனால் அவர்களுக்கு அறை என்றால் அறை, அவர்கள் அன்றைக்கே கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டுப் பால் காய்ச்சினார்கள். சவரியம்மாளின் வீடு 340 சதுர அடிக்குத் திரும்பியிருந்தது, பதிவேட்டில் 5,600 அப்படியே இருந்தது, அந்த வரியும் அப்படியே இருந்தது. வீடும் பதிவும் பொருந்தாமல் போன ஒரே இடம் ஊரில் அதுதான், அங்கே தங்கியிருந்த குடும்பங்கள் சாமான்களோடு மறுபடியும் தெருவில் நின்றன. சாந்தாமணி அவருடைய வாசலில் போய் நின்றாள். சவரியம்மாள், "அவர் வந்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றதும், சரி என்று உள்ளே போய்விட்டார். அடுப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை நீல அறையின் பின்சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை. முன்பு ஒரு சுவர் தள்ளிக் கேட்டது இப்போது இரண்டு சுவர் தள்ளிக் கேட்டது. அந்தச் சுவரையும் இடித்துப் பார்த்தார்கள், சந்து. கிருபாகரன் இன்னொரு விண்ணப்பம் போட்டுப் பார்த்தான், பணம் கேட்கவில்லை. மனையின் பரப்பு முடிந்துவிட்டது, இனி இந்த எண்ணில் அறை சேர்க்க இயலாது என்று கணினி சொன்னது. "நான் பண்ணினதுதான்க்கா, வேற வழியில்லன்னு நெனச்சேன்" என்று அவன் சொன்னபோது, அவள் தன் பதினைந்தாயிரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, உரிமையாளர் நம்பரை மாற்ற முடியுமா என்று கேட்டாள். அதற்கும் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போகும்.

ஜூலையில் வெளிநாடு ஒன்றிலிருந்து நான்கு அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் நாட்டிலும் வரியில் பாதி வழியிலேயே காணாமல் போகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று பார்க்க வந்தார்கள். அலுவலகத்தையும் வரைபடங்களையும் காட்டிய பிறகு, தானாக முன்வந்து கூடுதல் அறையை இணையத்தில் பதிவு செய்த குடிமகள் என்று சாந்தாமணியின் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆணையரும் வந்திருந்தார், அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது அவர் அல்ல. நீல அறையில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நால்வரில் நரைத்த தலையோடு ஒரு பெண் இருந்தார். அவர் பின்சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார், மற்றவர்கள் வெளியே போன பிறகும் நின்றார். பிறகு திரும்பி ஆணையரிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர், "உள்ளே எத்தனை பேர் என்று கேட்கிறார்" என்றார்.

ஆணையர் சாந்தாமணியைப் பார்த்தார். "ஒருத்தர்" என்றார்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

சாந்தாமணி நீல அறையில் பாயை விரித்து, தலையைப் பின்சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்தாள். போன் இல்லாமல் நேரம் எப்படித் தெரிந்ததோ, தினமும் 10 மணி 42க்கு அவர் தட்டினார், அவள் திருப்பித் தட்டினாள். அன்றாடச் சமாச்சாரங்களைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள், மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததையும், தறிப்பட்டறைக்காரர் அவர் இடத்துக்கு வேறு ஆள் போட்டதையும், அந்த ஆள் தறியில் பாவு நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறான் என்று பேசிக்கொள்வதையும் சொன்னாள், கேட்கிறதா இல்லையா என்று தெரியாது. ஐப்பசி மழையின்போது இரண்டு முறைதான் தட்டினார். மார்கழியில் ஒரு முறை. பொங்கலுக்கு முந்தைய நாள் அவள் தட்டினாள், பதில் இல்லை; மறுநாளும் இல்லை. காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று மருத்துவமனைக்குப் போய்க் காதைச் சுத்தம் செய்து வந்தாள். அதன் பிறகும் இல்லை.

ஆணையருக்கு மாநில விருது கிடைத்து, மாற்றலாகிப் போனார். அவர் எழுதித் தந்தபடியே ஏப்ரலில் ட்ரோன் முதலில் கதவு எண் 37க்கு மேல்தான் வந்து நின்றது. வீடும் பதிவேடும் ஓர் அங்குலம் பிசகாமல் பொருந்தியிருந்தன. அந்த அரையாண்டு வரியையும் சாந்தாமணி நாச்சிமுத்துவின் பெயரில் கட்டினாள், ரசீது அவருடைய போனுக்குப் போனது. கட்டாமல் விட்டால் சுவர் இன்னும் விலகிவிடும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

மே மாதக் கடைசியில் மகள் வந்து, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம், வீட்டை உன் பெயருக்கு மாற்றிக்கொள் என்று சொன்னாள். சாந்தாமணி மூன்று நாள் 10 மணி 42க்குச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். நான்காம் நாள் நீல அறையின் பாயைச் சுருட்டி முன்னறைக்குக் கொண்டு வந்தாள். பிறகு இ-சேவை மையத்துக்குப் போய், கணவர் இறந்துவிட்டார் என்று தன் வாயால் முதல் முறையாகச் சொல்லி, விண்ணப்பத்தில் கைரேகை வைத்தாள்.

2024ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, கதவு எண் 37க்கான பெயர் மாற்ற விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில், உரிமையாளர் இவ்வீட்டில் வசிக்கிறார், வரி நடப்பில் உள்ளது என்று இருந்தது.